முதலில் செத்தது காது

“வேலை தலைக்கு மேல ஏறும்போது பைலட்டுக்கு முதல்ல சாகறது எது? யாராவது சொல்லுங்க.”

வெள்ளைப் பலகைக்கு முன்னால் நின்றவன் கேட்டான். பயிற்சிக்கு வந்திருந்த விமானிகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“லீவு,” என்றான் கடைசி வரிசையில் இருந்த ஓட்டைவாய், பக்கத்து நாற்காலிக்கு மட்டும் கேட்கும்படி.

பக்கத்து நாற்காலியில் அண்ணி. ஓட்டைவாயின் சொந்த அண்ணன் மனைவி. இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பொய்க் கேஸ்களைப் பிடித்துக்கொண்டிருந்தவள், வேலையை விட்டுவிட்டுச் சொந்தமாகத் துப்பறியும் ஆபீஸ் திறந்திருந்தாள். கொழுந்தன் கூப்பிட்ட முறை ஊருக்கும் தொற்றிக்கொண்டு, இப்போது இன்ஸ்பெக்டர்கள்கூட அவளை அண்ணி என்றுதான் கூப்பிட்டார்கள். கொழுந்தனுக்கு ஓட்டைவாய் என்ற பட்டம் ஏன் வந்தது என்று யாரும் கேட்டதில்லை. அவனோடு கொஞ்ச நேரம் பேசினால் போதும்.

“காது,” என்றான் பலகைக்கு முன்னால் நின்றவன். “கண் பார்த்துக்கிட்டு இருக்கும். கை வேலை செஞ்சுக்கிட்டு இருக்கும். காது மட்டும் சத்தமே போடாம கடையைச் சாத்திடும். பக்கத்துல உக்காந்து கத்தினாலும் கேக்காது. அன்னைக்கு எனக்கு அதுதான் நடந்தது.”

அவன் யார் என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும்.

மழை கொட்டிய ஒரு மத்தியானம், சரக்கு விமானம் ஒன்று அளவுக்கு மீறிய வேகத்தில் இறங்கி, ஓடுபாதையின் முடிவைத் தாண்டி ஓடி, வடிகால் சுவரில் மோதியது. உள்ளே இருந்தது இரண்டே பேர். இடது இருக்கையில் விமானத்தை ஓட்டிக்கொண்டிருந்த கேப்டன் உட்கார்ந்த இடத்திலேயே நசுங்கிச் செத்தார். வலது இருக்கையில் இருந்த கோ-பைலட் முறிந்த கையோடு வெளியே வந்தான். அந்தக் கோ-பைலட்தான் இப்போது பாடம் நடத்திக்கொண்டிருந்தான்.

செத்த கேப்டனுக்கு விமானிகள் வைத்திருந்த பெயர் சாட்டை. கூடப் பறக்கும் இளையவர்கள் தலையில் வேலையைக் கொட்டுவது அவருக்கு ஒரு விளையாட்டு. ரேடியோவில் பேசு, வானிலை கேள், செக்லிஸ்ட் படி, கம்பெனிக்குத் தகவல் சொல், எல்லாம் ஒரே மூச்சில். திணறினால் கிண்டல். கண் கலங்கினால் இன்னும் கிண்டல். அன்றும் அப்படித்தான் கொட்டினார், அந்தச் சுமையில் மூழ்கிய கோ-பைலட் வேகம் கூடியதைக் கவனிக்கவில்லை, அதனால் எச்சரிக்கவும் இல்லை என்று விசாரணைக் குழு முடிவு சொல்லிவிட்டது. பழி முழுக்கச் செத்தவருக்கு. பிழைத்தவனுக்கு அனுதாபமும் இந்த வாத்தியார் வேலையும்.

“ஒருத்தர் ஓட்டணும், ஒருத்தர் பார்க்கணும்,” என்று தொடர்ந்தான் அவன். “ஓட்டறவர் கையில வேலை அதிகமானா பார்க்கறவர் வாங்கிக்கணும். பார்க்கறவர் தலையில அதிகமானா, ‘என்னால முடியல, ஒரு சுத்து சுத்திட்டு வருவோம்’னு வாயைத் திறந்து சொல்லணும். வெட்கப்படக் கூடாது. வானத்துல இடம் நிறைய இருக்கு.”

அண்ணி கையைத் தூக்கினாள். “காது செத்துப் போச்சுன்னு சொல்றீங்க. ஆனா கன்ட்ரோல் டவருக்குக் கடைசி வரைக்கும் ரேடியோல பதில் சொல்லியிருக்கீங்களே?”

அவன் புன்னகைத்தான். இந்தக் கேள்வியை முன்பே சந்தித்தவனின் புன்னகை.

“கிளி, மேடம். அவங்க சொல்றதை அப்படியே திருப்பிச் சொல்றதுதான் எங்க வழக்கம். வருஷக்கணக்கா சொல்லிச் சொல்லி நாக்கு தானா சொல்லிடும். அதுக்குக் காதும் வேண்டாம், மூளையும் வேண்டாம்.”

“எங்க வீட்டுலயும் அண்ணன் அப்படித்தான்,” என்றான் ஓட்டைவாய். “அண்ணி என்ன சொன்னாலும் ‘சரிம்மா’.”

வகுப்பு சிரித்தது. கோ-பைலட்டும் சிரித்தான். அண்ணி சிரிக்கவில்லை.

*

அண்ணியையும் கொழுந்தனையும் அந்த வகுப்புக்கு அனுப்பியவள் சாட்டையின் ஒரே மகள். பல் டாக்டர்.

“எங்கப்பா நல்லவர்னு நிரூபிக்கச் சொல்லல,” என்று எடுத்த எடுப்பிலேயே சொல்லியிருந்தாள். “சின்ன வயசுல சாப்பிட உக்காந்தா வாய்ப்பாடு கேப்பார். பதில் வர்றதுக்குள்ள தண்ணி ஊத்தச் சொல்வார். ஊத்தறதுக்குள்ள போனை எடுக்கச் சொல்வார். ஒரு சொட்டு சிந்தினாலும் என் தட்டை எடுத்துட்டுப் போய்க் கொட்டிடுவார். அம்மா பார்த்துக்கிட்டே இருப்பாங்க.”

“அப்போ எங்களால உங்களுக்கு என்ன ஆகணும்?”

“அந்தக் கோ-பைலட் நிஜமாவே திணறினாரா? அது ஒண்ணு தெரிஞ்சா போதும்.”

அப்பா ஏன் செத்தார் என்று கேட்காமல், பிழைத்தவன் திணறினானா என்று கேட்கிறாளே என்பது அண்ணிக்கு அப்போதே உறுத்தியது. உறுத்தலை மடித்து உள்ளே வைத்துக்கொண்டாள்.

*

கன்ட்ரோல் டவருக்குக் கீழே இருந்த கேன்டீனில், அன்று பணியில் இருந்த கன்ட்ரோலர் டீயை ஆறவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சவரம் செய்யாத முகம்.

“எல்லாம் விசாரணையில சொல்லியாச்சும்மா. அவர் சொன்ன பதில் ஒவ்வொண்ணும் டேப்புல இருக்கு. எல்லாம் சரியான பதில்.”

“அவர் சொன்னது வேண்டாம்,” என்றாள் அண்ணி. “நீங்க சொன்னதைச் சொல்லுங்க.”

கன்ட்ரோலரின் கை டம்ளரை விட்டது.

“அண்ணி சும்மா கேக்கறாங்க சார்,” என்றான் ஓட்டைவாய். “பயப்படாதீங்க. பயந்தா அவங்களுக்குப் பசிக்கும்.”

அவர் சுற்றும் முற்றும் பார்த்தார். “அன்னைக்கு ஒரு ஓடுபாதையில தண்ணி தேங்கிடுச்சு. இடது ஓடுபாதையில இறங்க வேண்டியவங்களைக் கடைசி நேரத்துல வலதுக்கு மாத்தினேன். ஒரே மழை, எனக்கும் நெருக்கடி. இறங்க அனுமதி கொடுக்கறப்போ வாய் தவறி ‘இடது’ன்னு சொல்லிட்டேன்.”

“அவர்?”

“‘வலது’ன்னு பதில் சொன்னார். அமைதியா. ஒரு நன்றி வேற. விமானம் இறங்கினது வலதுலதான், அதனால என் தப்பை யாரும் பெருசா எடுத்துக்கல. நானும் வாயை மூடிக்கிட்டேன்.”

அண்ணி எழுந்தாள். கேன்டீன் வாசலைத் தாண்டி வெளியே வந்தாள்.

“எல்லாரும் பதிலைப் பார்த்தாங்க, கேள்வியைப் பார்க்கல,” என்றாள். “கிளி திருப்பிச் சொல்லும். திருத்தாது.”

ஓட்டைவாய் நின்றான். “அப்போ அவன் காது?”

“அடுத்தவன் தப்பைப் பிடிக்கற அளவுக்கு நல்லாத்தான் இருந்திருக்கு. இனிமே தெரிய வேண்டியது வாய்.” கார்க் கதவைத் திறந்தாள். “இன்னைக்கு உன்னை விமானம் ஓட்ட வைக்கப் போறேன், கொழுந்தனாரே.”

“எனக்கு சைக்கிளே சாய்ஞ்சுதான் போகும் அண்ணி.”

“அதனாலதான் உன்னைக் கூட்டிட்டுப் போறேன்.”

*

பயிற்சி மையத்தின் சிமுலேட்டர், இரும்புக் கால்களில் நிற்கும் ஒரு பெரிய பெட்டி. உள்ளே நுழைந்தால் அசல் விமானியறை. கண்ணாடிக்கு வெளியே திரையில் மழை.

அண்ணியின் பழைய இன்ஷூரன்ஸ் விசிட்டிங் கார்டு அங்கேயும் வேலை செய்தது. சுமை என்றால் என்ன என்று கண்ணால் பார்க்க வேண்டும் என்று கேட்டதும் கோ-பைலட் சந்தோஷமாகச் சம்மதித்தான். தன் கதையைச் சொல்ல அவனுக்குப் பிடித்திருந்தது.

அவன் வலது இருக்கையில். இடது இருக்கையில் ஓட்டைவாய். பின்னால் அண்ணி.

“பாதையை ஆட்டோ-பைலட் பார்த்துக்கும்,” என்றான் கோ-பைலட். “நடுவுல இருக்கே, இந்த லீவர் வேகத்துக்கு. அதைத் தொடாதீங்க. மேடம், உங்க கையில இருக்கற அட்டையில டவர் பேசறது, கம்பெனி பேசறது ரெண்டும் இருக்கு. மாத்தி மாத்திப் படிங்க. நான் எப்படித் திணறறேன்னு பாருங்க.”

அண்ணி படிக்க ஆரம்பித்தாள். அவன் ரேடியோவைத் திருப்பினான், செக்லிஸ்ட்டைப் புரட்டினான், வேண்டுமென்றே ஒரு பதிலை விட்டான். “பார்த்தீங்களா? நீங்க கூப்பிட்டது எனக்குக் கேக்கவே இல்ல.”

அழகான நடிப்பு. திணறுகிறவன் தான் திணறுவதை எடுத்துச் சொல்லிக்கொண்டிருக்க மாட்டான் என்பதுதான் அதில் இருந்த ஒரே குறை.

அண்ணி அட்டையைக் கீழே போட்டாள்.

“ஓடுபாதை மாறிப் போச்சு. வலது. ரேடியோ எண்ணை மாத்துங்க. கம்பெனி கேக்குது, வண்டியை எங்க நிறுத்தப் போறீங்க? எரிபொருள் எவ்வளவு மிச்சம்? காத்து பின்னாலிருந்து வருது, சக்கரம் இறங்கிச்சா, விளக்கு எரியுதா, பதில் சொல்லுங்க!”

“மேடம், அட்டையில அது—”

“கேப்டன் நான் கேக்கறேன்,” என்று இடையில் புகுந்தான் ஓட்டைவாய். “இந்தப் பச்சை விளக்கு என்ன? அந்தச் சிவப்பு எதுக்கு? பாத்ரூம் எங்க? கல்யாணம் ஆயிடுச்சா? இந்த முள் ஏன் ஆடுது? ஆடினா நல்லதா கெட்டதா?”

கோ-பைலட்டின் விரல்கள் பொத்தானுக்குப் பொத்தான் தாவின. நெற்றியில் வியர்வை. இப்போது அவன் நடிக்கவில்லை. அண்ணி எண்களை அடுக்கிக்கொண்டே போனாள். அவன் ஒன்றைத் தப்பாகத் திருப்பிச் சொன்னான், இன்னொன்றை விழுங்கினான். ஓட்டைவாயின் வலது கை, அண்ணி முன்கூட்டியே சொல்லிவைத்தபடி, நடுவில் இருந்த லீவரைப் பூனை பாலை நெருங்குவதுபோல நெருங்கியது. மெல்ல முன்னால் தள்ளியது.

“வேகம்!”

கத்தியது கோ-பைலட்.

“வேகம்! வேகம்! மேல ஏத்துங்க!” அவன் கை பாய்ந்து வந்து ஓட்டைவாயின் மணிக்கட்டைப் பிடித்தது.

“மன்னிச்சுக்கங்க,” என்றான் ஓட்டைவாய். “பிரேக்குன்னு நினைச்சேன்.”

திரையில் மழை மட்டும் பெய்துகொண்டிருந்தது. கோ-பைலட் தன் கையைப் பார்த்தான். பிறகு மெதுவாகத் திரும்பி அண்ணியைப் பார்த்தான்.

“நான் சொன்ன எண்ணுல பாதி உங்க காதுல விழல,” என்றாள் அவள். “அது நிஜமான திணறல். ஆனா ‘வேகம்’கற அந்த வார்த்தை மட்டும் கேக்காமலே வந்துச்சு. உங்க பயிற்சி அப்படி. தூக்கத்துல எழுப்பினாலும் வரும். அது வராம இருக்கணும்னா, உதட்டைக் கடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கணும். அன்னைக்குச் சாட்டை உங்க தலையில ஏத்தின வேலையெல்லாம் சின்ன வேலை. பெரிய வேலை நீங்களா எடுத்துக்கிட்டது. சும்மா இருக்கறது.”

அவன் ஒரு பொத்தானை அழுத்தினான். மழை அணைந்தது.

“நீங்க இன்ஷூரன்ஸ் இல்ல.”

“சாட்டையோட மகள் அனுப்பினாங்க.”

அவன் சிரித்தான். முதலில் மூக்கால், பிறகு தோள் குலுங்க, கண்ணில் நீர் வரும்வரை.

“அவளா? அவளா உங்களை அனுப்பினா?” கண்ணைத் துடைத்துக்கொண்டான். “மேடம், வாயை மூடிக்கிட்டு இருங்கன்னு என்கிட்ட சொன்னதே அவதான். ‘ஒரே ஒரு தடவை அவர் தப்புப் பண்ணட்டும், நீங்க காப்பாத்தாதீங்க, ஊரே அவரைப் பார்த்துச் சிரிக்கட்டும்’னு சொன்னா. நாங்க கல்யாணம் பண்ணிக்கப் போறோம். அது தெரியுமா உங்களுக்கு?”

அண்ணி கீழே போட்ட அட்டையைக் குனிந்து எடுத்தாள்.

“அவ நினைச்சது ஒரு ரிப்போர்ட், ஒரு பதவி இறக்கம். எனக்கு அது போதல.” அவன் குரலில் சூடே இல்லை. “எங்கம்மா செத்து, எடுத்த மறுநாள் அவரோட பறந்தேன். ‘அழுதுக்கிட்டே செக்லிஸ்ட் படி, கேக்க நல்லாயிருக்கும்’னார். படிச்சேன். ‘நான் கேட்டா மட்டும் வாயைத் திற’ன்னு ஒரு உத்தரவு வேற. அதுக்கும் தலையாட்டினேன்.”

“அன்னைக்கு?”

“அன்னைக்கு மூழ்கினது நான் இல்ல, அவர். மழை, பின்காத்து, கடைசி நேரத்துல புது ஓடுபாதை. எல்லாத்தையும் என் தலையில ஏத்தினதா அவருக்கு நினைப்பு. ஆனா ஓட்டறது அவர்தானே? கை நடுங்கிச்சு. முள்ளைப் பார்க்கறார், அது என்ன சொல்லுதுன்னு புரியல. கடைசியில அவரே என் பக்கம் திரும்பிக் கேட்டார். ‘சரியா இருக்கா, தம்பி?’”

“நீ?”

அண்ணியின் மரியாதை அந்த இடத்தில் உதிர்ந்ததை அவன் கவனித்ததாகத் தெரியவில்லை.

“ஜன்னல் பக்கம் பார்த்தேன்.”

“நீயும் செத்திருப்பே,” என்றான் ஓட்டைவாய்.

“அதுக்கும் தயாராத்தான் இருந்தேன்.” எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டான். “அந்தக் கேள்வி விமானத்துக்குள்ள ஓடின டேப்புல இருக்கு. பதில் இல்ல. அதை வெச்சுத்தான் என் காது செத்துப் போச்சுன்னு குழு முடிவு பண்ணிச்சு. இன்னைக்கு இங்க கத்தினேன்னு நீங்க போய்ச் சொன்னா, அனுபவத்துக்கு அப்புறம் கத்துக்கிட்டேன்னு சொல்வேன். பேசாம இருந்ததுக்குக் கைரேகை கிடையாது மேடம். என்னைப் பிடிக்கணும்னா அவ வாயைத் திறக்கணும். திறந்தா அவளும் உள்ள போகணும். போய்க் கேட்டுப் பாருங்க.”

*

அவர்கள் போய்ச் சேருவதற்குள் அவன் போன் முந்திக்கொண்டது.

கிளினிக்கில் ஒரு பெரியவர் மரத்துப்போன கன்னத்தோடு நாற்காலியில் சாய்ந்திருந்தார். பல் டாக்டர் கையுறையோடு பக்கத்து அறைக்கு வந்து கதவைச் சாத்தினாள்.

“பேசிட்டார்,” என்றாள். “‘உனக்காகத்தான் செஞ்சேன், இனி நாம ரெண்டு பேரும் ஒண்ணு, யார்கிட்டயும் எதுவும் சொல்லாதே’ன்னார்.”

“நீங்க ஏன் எங்களைக் கூப்பிட்டீங்க?” என்றாள் அண்ணி.

“திணறினதாலதான் பேசலன்னு நீங்க சொல்லிடுவீங்கன்னு நினைச்சேன். அப்படின்னா நான் சொன்னதுக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல. அவரோட நிம்மதியா வாழலாம்.” சுவரைப் பார்த்துச் சொன்னாள். “நான் அப்பா சாகணும்னு சொல்லல. சிரிக்கணும்னுதான் சொன்னேன். எல்லாரும் அவரைப் பார்த்துச் சிரிக்கணும்னு.”

“தெரியும்.”

“இப்போ நான் என்ன செய்யணும்? நான் வாயைத் திறந்தா அப்பா திரும்பி வந்துடுவாரா?”

“மாட்டார்.”

“அப்புறம் எதுக்கு?”

டாக்டர் கையுறையின் விரல் நுனிகளை ஒவ்வொன்றாக இழுத்துவிட்டுக்கொண்டிருந்தாள். கடைசியில் அவளே கேட்டாள்.

“டேப்பை எங்களைக் கேக்க விடல. அப்பா கடைசியா என்ன பேசினார்னு அவர் சொன்னாரா?”

ஓட்டைவாய் அண்ணியின் கண்ணைத் தேடிப் பிடித்து, வேண்டாம் என்று தலையசைத்தான். அண்ணி அவனைப் பார்த்தாள். பார்த்துவிட்டுச் சொன்னாள்.

“அவன் பக்கம் திரும்பி, ‘சரியா இருக்கா, தம்பி?’ன்னு கேட்டார்.”

“இல்ல.” டாக்டர் உடனே மறுத்தாள். “அது எங்கப்பா இல்ல. அவர் யாரையும் தம்பின்னு கூப்பிட்டதில்ல. யார்கிட்டயும் எதையும் கேட்டதில்ல.”

“கேட்டார்.”

“அதுக்கு இவர் என்ன பதில் சொன்னார்?”

“ஜன்னல் பக்கம் பார்த்தானாம்.”

டாக்டரின் முகம் முதலில் ஒன்றும் காட்டவில்லை. பிறகு மேசை விளிம்பைப் பிடித்தாள். அப்படியே குனிந்தாள். அண்ணி தொடவும் இல்லை, தேற்றவும் இல்லை. பக்கத்து அறையில் பெரியவர் குழறலாக யாரையோ கூப்பிட்டார்.

டாக்டர் நிமிர்ந்தாள். “அவருக்கு மரத்தது தெளியறதுக்குள்ள பல்லை எடுத்துடறேன். வலிக்கும் பாவம். அப்புறம் என்னை எங்க கூட்டிட்டுப் போகணுமோ கூட்டிட்டுப் போங்க.”

அவள் உள்ளே போனாள். கண்ணாடிக் கதவு வழியே பார்த்தார்கள். அவள் கை நடுங்கவில்லை.

“அதைச் சொல்லியிருக்க வேண்டாம் அண்ணி,” என்றான் ஓட்டைவாய். அவன் குரலில் விளையாட்டு இல்லை. “கொன்னுட்டீங்க.”

“சொல்லலேன்னா அவ அவனைக் கட்டிக்குவா,” என்றாள் அண்ணி. “கார்ல வரும்போதே எடுத்து வெச்சுக்கிட்டேன் அந்த வார்த்தையை.”

*

விசாரணைக் குழு ஆபீசில் டாக்டர் சாயங்காலம் வரை பேசினாள். கோ-பைலட்டுக்கு அவள் என்ன சொன்னாள், அவன் என்ன சத்தியம் செய்தான், விபத்துக்குப் பிறகு ஆஸ்பத்திரியில் என்ன சொல்லி அவள் வாயை அடைத்தான், எதையும் விடவில்லை. கன்ட்ரோலரையும் கூப்பிட்டுக் கேட்டார்கள். இந்த முறை அவர் தன் தப்பை மறைக்கவில்லை.

அவள் உள்ளே பேசிக்கொண்டிருக்கும்போதே பயிற்சி மையத்துக்கு ஆள் போயிற்று. அவன் அடுத்த வகுப்பில் நின்றுகொண்டிருந்தானாம். வாசலில் வந்து பெயர் சொல்லிக் கூப்பிட்ட முதல் குரலுக்கே திரும்பிப் பார்த்தானாம். பறக்கும் உரிமத்தை மேசை மேல் வைத்துவிட்டு, அவர்கள் ஏற்றிய வண்டியில் ஏறிக்கொண்டான். வழியில் கேட்ட ஒரு கேள்விக்கும் பதில் சொல்லவில்லை.

டாக்டர் இரண்டு பெண் போலீஸ்காரர்களுக்கு நடுவே வெளியே வந்தாள். அண்ணியின் எதிரில் நின்றாள்.

“எனக்கு என்ன கிடைக்கும்?”

“தூண்டிவிட்டதுக்குத் தனியா தண்டனை உண்டு,” என்றாள் அண்ணி. “நீங்களா வந்து சொல்லியிருக்கீங்க. சின்ன வயசுல அவர் உங்களைப் படுத்தினதையும் எடுத்துச் சொல்லலாம். நல்ல வக்கீலா வெச்சா நிறையக் குறைப்பாங்க. எனக்குத் தெரிஞ்சவர் ஒருத்தர் இருக்கார், இப்பவே பேசட்டுமா?”

“வேண்டாம்,” என்று சொல்லிவிட்டு அவள் படி இறங்கினாள்.